36 ஏர்கன், ஒரே சுடுதல்: லாங்செத் கப்பலின் ஒலிமூலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2021 ஜூன், ஜூலை மாதங்களில் வான்கூவர் தீவுக்கு அப்பாலிருந்து ஆரிகன் மாநிலத்தின் தெற்கு ஓரம் வரை, அமெரிக்காவின் மார்கஸ் ஜி. லாங்செத் ஆய்வுக் கப்பல் கடலடித் தரையை ஒலியால் படமெடுத்தது. ஹுவான் டி ஃபூகா புவித்தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் புகும் காஸ்கேடியா பகுதி அது. 1700 ஜனவரி 26 அன்று ஏறத்தாழ 9 அளவு நிலநடுக்கம் அங்கே உண்டாகியிருக்கிறது. மறுபடி வந்தால் எந்தத் துண்டு உடையும் என்று தெரிய, தட்டின் மேற்பரப்பைப் பல கிலோமீட்டர் ஆழம் வரை பார்க்க வேண்டும். திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கக் கப்பலின் பின்னே 12 முதல் 15 கி.மீ. நீள ஸ்ட்ரீமர், அதாவது ஒலியுணரிகள் பதித்த கேபிள், இழுக்கப்பட்டது. அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. இங்கே எடுத்துக்கொள்வது, அமுக்கிய காற்றைச் சட்டென்று கடலுக்குள் விட்டு அந்த ஒலியை எழுப்பிய 36 ஏர்கன்களை.

கப்பல் முதலில் வணிக ஆய்வுக்காக 1991-இல் கட்டப்பட்டது. அப்போது பெயர் வெஸ்டர்ன் லெஜண்ட். 2004-இல் கைமாறி, 2008-இலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட்-டோஹர்ட்டி ஆய்வகம் அதை இயக்கியது. அதன் ஒலிமூலத்தின் முழு அளவு 6,600 கன அங்குலம். ஒரே எண்ணாகப் பார்த்தால் பெரிய பீரங்கி போலத் தோன்றும். உண்மையில் இந்த அமைப்பில் செலவாகிற உழைப்பில் பெரும்பங்கு சத்தத்தை எழுப்புவதில் போவதில்லை. எழுந்த சத்தம் இரண்டாவது, மூன்றாவது முறை எழாமல் அடக்குவதில் போகிறது.

ஒரு ஏர்கன் உள்ளே

ஏர்கன்னில் எதுவும் எரிவதில்லை, வெடிமருந்தும் இல்லை. டைனமைட் கடலில் புழங்கிய காலம் போய், 1960-களில் ஸ்டீஃபன் செல்மின்ஸ்கி உருவாக்கி, அமெரிக்காவின் போல்ட் நிறுவனம் பரப்பிய கருவி இது. லாங்செத்தில் இருப்பவையும் போல்ட்டின் 1500எல்எல், 1900எல்எல்எக்ஸ் ரகங்கள்தாம்.

எஃகு உருளைக்குள் மேலும் கீழுமாக இரண்டு அறைகள். மேலே உள்ளது சிறிய கட்டுப்பாட்டு அறை. கீழே உள்ளது முதன்மை அறை. 40, 90, 180, 360 கன அங்குலம் என்று சொல்லும்போது இந்த அறையின் கொள்ளளவைத்தான் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஷட்டில்: டம்பெல் போல இரு முனையிலும் தட்டுள்ள தண்டு. தண்டின் நடுவே மெல்லிய துளை. கப்பலிலிருந்து வரும் காற்று மேலறையை நிரப்பி, அந்தத் துளை வழியே கீழறைக்கும் இறங்குகிறது. மேல்தட்டின் பரப்பு கீழ்த்தட்டைவிடச் சற்றுப் பெரியது. அதனால் இரண்டு அறையிலும் ஒரே அழுத்தம் நின்றாலும் ஷட்டில் கீழ்நோக்கி அழுந்தி, வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

சுடும் நேரத்தில் சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு) திறந்து மேல்தட்டின் அடிப்பக்கத்துக்குக் காற்றை விடுகிறது. சமநிலை குலைகிறது. ஷட்டில் மேலே பாய, பக்கவாட்டு வாய்கள் நான்கும் சில மில்லிவினாடிகளில் திறந்து, கீழறையின் காற்று முழுக்கக் கடலுக்குள் கொட்டுகிறது. அழுத்தம் விழுந்ததும் ஷட்டில் திரும்ப இறங்கி மூடிக்கொள்ள, அறை மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. அசையும் பாகங்கள் இரண்டே இரண்டு: ஷட்டில், சோலனாய்டின் உள்தண்டு. பழுதுகளில் பல இந்த இரண்டையும் சுற்றியுள்ள ஓ-ரிங்குகளில், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களில், தொடங்கும்.

கொப்புளம்

வெளியே வந்த காற்று சும்மா கலைந்துவிடுவதில்லை. குமிழாகி விரிகிறது, வேகத்தில் சமநிலையைத் தாண்டி விரிந்துவிடுகிறது, சுற்றியுள்ள நீர் அதை நசுக்க, மறுபடி விரிகிறது. ஒவ்வொரு நசுங்கலும் ஒரு புது ஒலித்துடிப்பு. ஆய்வுப் பதிவில் இதன் விளைவு: கடலடியில் ஒரு பாறை அடுக்குதான் இருக்கிறது, படத்தில் மூன்று தெரிகிறது.

இந்த அலைவின் கால இடைவெளி, அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. ஆழம் கூடக் கூடக் குறையும். 40 கன அங்குலத்துக்கும் 360-க்கும் ஒன்பது மடங்கு வித்தியாசம். ஒன்பதின் கனமூலம் 2.08. அதாவது பெரியதன் குமிழ் சிறியதைவிட இரண்டு மடங்கு மெதுவாக மூச்சு விடுகிறது. மருந்து இதிலேயே இருக்கிறது: வெவ்வேறு கொள்ளளவுள்ள ஏர்கன்களை ஒரே கணத்தில் சுட்டால் முதல் துடிப்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடும், குமிழ்த் துடிப்புகள் ஆளுக்கொரு நேரத்தில் வந்து ஒன்றையொன்று கரைத்துவிடும்.

பெரிய ஒரே ஏர்கன் ஏன் வேண்டாம் என்பதும் இந்தக் கனமூலத்தாலேயே தெரிகிறது. துடிப்பின் உயரமும் ஏறக்குறைய கொள்ளளவின் கனமூலத்தைத்தான் பின்தொடரும். 320 கன அங்குல ஏர்கன் ஒன்று 40-ஐப் போல இரண்டு மடங்கு சத்தம் தரும். அதே காற்றை எட்டு 40-களாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டால் எட்டு மடங்கு. செலவு அதே, பலன் நான்கு மடங்கு. அப்படியானால் 360 எதற்கு? தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு. காஸ்கேடியா போன்ற இடத்தில் ஆழத்துக்குப் போய்த் திரும்பி வருவது அதுதான். பல கப்பல்களில் பெரிய ஏர்கன்களைச் சுமார் 1 மீ. இடைவெளியில் ஜோடி சேர்த்துத் தொங்கவிடுவார்கள். இரண்டு குமிழும் ஒட்டி ஒரே பெரிய குமிழ் போல நடக்கும். ஆனால் தனி ஏர்கன்னைவிட முதல் துடிப்புக்கும் குமிழுக்கும் உள்ள விகிதம் நன்றாக இருக்கும்.

நாலு சரம்

லாங்செத்தில் ஏர்கன்கள் நான்கு சரங்களாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு சரத்திலும் பத்து. ஒன்பது சுடும், பத்தாவது மாற்றுக்காகக் காத்திருக்கும். முதல் ஏர்கன்னுக்கும் கடைசிக்கும் 16 மீ. சரங்களுக்கு இடையே 8 மீ. ஆக 24-க்கு 16 மீ. பரப்பில், கப்பலுக்குச் சுமார் 140 மீ. பின்னால், இந்தத் தொகுதி மிதந்து வருகிறது.

ஒவ்வொரு சரத்துக்கும் மேலே நீளமான மிதவை. அதிலிருந்து அளந்து வெட்டிய கயிறு அல்லது சங்கிலிகளில் ஏர்கன்கள் தொங்கும். அந்த நீளம்தான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. ஆழ உணரிகள் சரத்திலேயே இருக்கும். கப்பலையும் சரத்தையும் இணைப்பது அம்பிலிகல்: இழுவையைத் தாங்கும் கவசம், உயரழுத்தக் காற்றுக் குழாய், சுடும் கம்பிகள், உணரிக் கம்பிகள் எல்லாம் ஒரே தடித்த கேபிளுக்குள். திரும்பும்போது உள்பக்கச் சரம் தளர்ந்து பக்கத்துச் சரத்தின்மேல் ஏறாதபடி அகலமாகத்தான் வளைய வேண்டும். ஒருமுறை சிக்கினால் பிரிப்பதற்கு அரைநாள் போய்விடும்.

காஸ்கேடியா பணிக்கான திட்டத்தில் ஏர்கன்களின் ஆழம் 12 மீ. இது விளையாட்டான தேர்வு அல்ல. மேலே போகும் ஒலி கடல் மேற்பரப்பில் தலைகீழாகத் திரும்பி இறங்கி வந்து, நேராகக் கீழே போவதோடு சேர்ந்துகொள்கிறது. நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,500 மீ. என்று கொண்டால், 12 மீ. ஆழத்தில் 62.5 ஹெர்ட்ஸ் அறவே அழியும், 31 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் இரட்டிப்பாகும். 6 மீ. ஆழத்தில் வைத்தால் அழியும் இடம் 125 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப் போகும்; மேலடுக்குகள் நுணுக்கமாகத் தெரியும், ஆழம் மங்கும். ஆழத்தை மாற்றினால் குமிழும் மாறுகிறது: 6-இலிருந்து 12 மீட்டருக்கு இறக்கினால் அதன் கால இடைவெளி 23 சதவீதம் குறையும்.

காற்றுக் கணக்கு

6,600 கன அங்குலம் என்பது 108 லிட்டர். அழுத்தம் 1,900 முதல் 2,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). வளிமண்டலத்தைப் போல 130 மடங்குக்கு மேல். (பங்க்சர் கடைக் கம்ப்ரஸர் பெரும்பாலும் பத்து மடங்கோடு நின்றுவிடும்.) ஒவ்வொரு சுடுதலுக்கும் சுமார் 14 கன மீட்டர் சாதாரணக் காற்றைப் பிடித்து அமுக்க வேண்டும். கப்பல் 4.5 நாட் (மணிக்கு 4.5 கடல்மைல்) வேகத்தில் வினாடிக்கு 2.3 மீ. போகிறது, 37.5 மீட்டருக்கு ஒருமுறை சுட்டால் இடைவெளி 16 வினாடி. நிமிடத்துக்கு 50 கன மீட்டருக்கு மேல் காற்று, நாள் முழுக்க, நிற்காமல். கம்ப்ரஸர்களின் கொள்திறன் இதற்கு மேலே இருக்க வேண்டும், ஒன்று பராமரிப்பில் இருந்தாலும்.

கம்ப்ரஸரில் கவனிக்க வேண்டியது ஈரமும் எண்ணெயும். ஒவ்வொரு கட்ட அமுக்கத்துக்கும் பிறகு காற்றைக் குளிர்விக்கும்போது நீர் பிரியும். பிரிப்பான்களிலிருந்து அதை ஒழுங்காக வடிக்காவிட்டால் நேராக ஏர்கன்னின் சோலனாய்டில் போய் நிற்கும். எண்ணெய் விஷயம் இன்னும் மோசம். உயரழுத்தக் காற்றுக் குழாயில் தேங்கிய எண்ணெய், வால்வைச் சட்டென்று திறக்கும்போது உண்டாகும் சூட்டில் டீசல் இன்ஜின் போலப் பற்றிக்கொள்ளும். வால்வை மெதுவாகத் திற என்று சொல்வது இதனால்தான்.

நேரம்

ஊர் கூடித் தேர் இழுப்பதில் நேரம் தவறினால் தேர் கொஞ்சம் நொண்டும். இங்கே நொண்டலை அளக்கலாம். 36 ஏர்கன்களின் சுடும் நேரம் 1 மில்லிவினாடி திட்டவிலக்கத்தோடு சிதறினால் 100 ஹெர்ட்ஸில் 18 சதவீத வீச்சு போய்விடும். 2 மில்லிவினாடி சிதறினால் 55 சதவீதம். வணிக ஆய்வுகளில் ஏர்கன் ஒவ்வொன்றும் இலக்கு நேரத்துக்கு 1 மில்லிவினாடி முன்பின்னுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பது வீம்பு இல்லை.

ஒவ்வொரு ஏர்கன்னுக்கும் சொந்த மந்தம் உண்டு: கட்டளை போய்ச் சேர்ந்து வாய் திறக்கும் வரை ஆகும் நேரம். ஓ-ரிங் தேய்ந்தால், அழுத்தம் மாறினால், நீர் குளிர்ந்தால் அது மாறும். அதனால் கட்டுப்பாட்டுக் கணினி முந்தைய சுடுதல்களில் ஏர்கன் திறந்த நேரத்தைப் பிடிக்கும் உணரியின் பதிவைப் பார்த்து, மந்தமானவற்றுக்கு முன்கூட்டியும் சுறுசுறுப்பானவற்றுக்குப் பின்னாலும் கட்டளை அனுப்பி, எல்லாம் ஒரே இலக்கில் திறக்கும்படி செய்கிறது. வழிசெலுத்தும் கணினி 'சுடு' என்ற பிறகு 50 மில்லிவினாடி கழித்து இலக்கு வைப்பது பரவலான வழக்கம். இந்த இடைவெளிக்குள்தான் எல்லாத் திருத்தமும். திரும்பி வந்து புது வரி (கப்பல் சுட்டுக்கொண்டே போகும் நேர்பாதை) தொடங்கும்போது பழைய கணக்கு பொருந்தாது. வரியின் தொடக்கப் புள்ளிக்கு முன்பே சில முறை சுட்டுக் கணினியைப் பழக்கிவிட வேண்டும்.

எப்படிக் கெடும்

37.5 மீட்டருக்கு ஒருமுறை சுட்டால் ஒரு நாளில் 5,300 சுடுதல். ஒவ்வொன்றும் சங்கிலி, தொங்குத் தகடு, குழாய் இணைப்பு எல்லாவற்றையும் உதறுகிறது.

தானே சுடுவதுதான் மிகவும் தொல்லை. கட்டளை இல்லாமலே ஏர்கன் சுடும், அல்லது அடுத்தடுத்து இரண்டு முறை சுடும். சோலனாய்டுக்குக் கீழுள்ள ஓ-ரிங் கசிந்து, மேல்தட்டின் அடிப்பக்கத்துக்குக் காற்று மெல்லப் போய்ச் சேர்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம். துகளோ உப்போ வால்வு முழுதாக மூடாமல் தடுத்திருக்கலாம். பரிசோதனை எளிது: அந்த ஏர்கன்னின் மின்கட்டளையை மட்டும் நிறுத்திப் பார். அப்புறமும் சுட்டால் பழுது காற்றுப் பாதையில்; நின்றுவிட்டால் கம்பியிலோ கட்டுப்பாட்டிலோ. தானே சுடும் ஏர்கன்னை விட்டுவைக்கக் கூடாது. அதன் குமிழ் அடுத்த சுடுதலின்போது இன்னும் நீரில் இருந்தால் பக்கத்து ஏர்கன்னின் துடிப்பையும் கெடுக்கும்.

சுடாமலே போவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரம்: கனெக்டருக்குள் கடல்நீர் புகுந்து காப்புத்தடை (மின்கசிவைத் தடுக்கும் திறன்) விழுவது, கம்பி அறுவது, சோலனாய்டின் உள்தண்டு உப்பில் ஒட்டிக்கொள்வது. காப்புத்தடையை மேலிருந்தே அளக்கலாம் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

காற்றுக் கசிவு கடல் மேற்பரப்பில் மிதவைக்குப் பின்னே வெண்கொப்புளமாகத் தெரியும். காற்று சரத்துக்கு ஒரே குழாயில் வரும் அமைப்பில் ஓர் ஏர்கன் கசிந்தால் சரம் முழுவதும் அழுத்தம் இறங்கும். ஏர்கன்னுக்குத் தனி அடைப்பு வால்வு இருந்தால் அதை மூடிவிட்டு ஓட்டலாம். இல்லையென்றால் சரம் மேலே வந்தாக வேண்டும்.

நான்காவது பழுது, பழுதே அல்ல. திரையில் ஓர் ஏர்கன் 4 மில்லிவினாடி பிந்தியதாகக் காட்டும். சரத்தை இழுத்து ஏற்றித் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பக்கத்து ஏர்கன்னின் அதிர்வை இதன் உணரி தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏர்கன்னுக்கு ஏறத்தாழ 1 மீ. தொலைவில் ஹைட்ரோஃபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) பொருத்தியிருந்தால் அதன் பதிவோடு ஒப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும். ஹைட்ரோஃபோன் நேரத்தில் கேட்டிருக்கிறது, உணரி மட்டும் தாமதம் என்கிறது என்றால் ஏர்கன் சரி, உணரிதான் பொய் சொல்கிறது.

டெக்கில் ஏர்கன்னைத் திறக்கும்போது ஆளைக் கொல்லக்கூடியது அடைபட்ட அழுத்தம். சரத்தின் காற்றை வடித்தாயிற்று, குழாயைக் கழற்றியாயிற்று, அளவி பூஜ்யம் காட்டுகிறது. ஆனால் அளவி பார்ப்பது குழாயை. ஷட்டிலின் நடுத்துளை கிரீஸும் உப்பும் சேர்ந்து அடைத்திருந்தால் கீழறையில் 1,900 பிஎஸ்ஐ அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டு அறையும் காலி என்று தனித்தனியே உறுதி செய்யாமல் போல்ட்டில் ஸ்பானர் படக் கூடாது. வரிசை இப்படி: விநியோக வால்வை மூடிப் பூட்டி அட்டை மாட்டு, சுடும் மின்னிணைப்பைத் துண்டி, காற்றை வடி, இரண்டு அறையையும் சோதி, முதலில் சோலனாய்டைக் கழற்று. அதன் ஓ-ரிங்கை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பார்த்தால், நகக்கணு அளவுகூட இல்லாத ஒரு கடி தெரியும். தானே சுட்டதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கடிதான். அறையைத் திறக்க வேண்டிய அவசியமே வராது.

சரத்தைக் கடலில் இறக்கும்போது நேர்மாறான விதி. காற்றே இல்லாமல் இறக்கினால் ஷட்டில் இருக்கையில் அமராமல் கடல்நீர் உள்ளே புகும். ஆகவே சில நூறு பிஎஸ்ஐ வைத்து இறக்கி, ஏர்கன்கள் தம் ஆழத்துக்குப் போய் எல்லோரும் பின்தளத்திலிருந்து விலகிய பிறகு முழு அழுத்தம்.

ஒன்று விழுந்தால்

ஓர் ஏர்கன் போனது, வரி பாதியில் இருக்கிறது, நிறுத்துவதா, ஓட்டுவதா? லாங்செத்தில் முதல் பதில் பத்தாவதை இயக்குவது. அதுவும் தீர்ந்துவிட்டால், எது போனது என்பதைப் பார்க்க வேண்டும். மொத்த அளவில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று மட்டும் பார்ப்பது தவறான கணக்கு. 40 கன அங்குலம் ஒன்று போனால் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அதன் குமிழ் நேரத்தில் வேறு ஏர்கன் இல்லாவிட்டால் அடங்கியிருந்த கொப்புளம் தலைதூக்கும். மாறாக எல்லாச் சரத்திலும் அழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் குமிழ் நேரங்கள் எல்லாம் சேர்ந்தே மூன்றரை சதவீதம் சுருங்கும். வரிசையின் இசைவு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

வணிக ஆய்வில் பயணத்துக்கு முன்பே கணினியில் ஒவ்வோர் ஏர்கன்னையும், ஒவ்வொரு ஜோடியையும் நீக்கிப் பார்த்து அட்டவணை தயாரிப்பார்கள். முழு வரிசையின் துடிப்போடு ஒப்பிட்டு, உச்ச வீச்சும் குமிழ் விகிதமும் 10 சதவீதத்துக்கு மேல் விழக் கூடாது, அலைமாலையில் (அதிர்வெண் வாரியான வலிமையில்) சராசரி விலகல் 0.85 டெசிபல், அதிகபட்சம் 3 டெசிபல், துடிப்பின் வடிவ ஒப்புமை 0.998-க்குக் குறையக் கூடாது என்பவை அடிக்கடி காணும் வரம்புகள். இரவு இரண்டு மணிக்கு முடிவெடுக்க வேண்டியவர் அட்டவணையில் வரியைப் பார்த்து 'ஓட்டு' அல்லது 'நிறுத்து' என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு சத்தம்

36 ஏர்கன்களுக்கும் சேர்த்துக் கீழ்நோக்கிய உச்சம் 84 பார்-மீட்டர், அதாவது 1 மீட்டரில் 259 டெசிபல் என்று ஆவணங்களில் இருக்கும். இந்த 259 கடலில் எங்கேயும் இல்லை. தொலைவில் அளந்ததை, முழு வரிசையும் ஒரே புள்ளி என்று பாவித்துப் பின்னோக்கிக் கணக்கிட்ட எண் அது. காற்றிலுள்ள டெசிபலோடு நேராக ஒப்பிடுவதும் தப்பு; ஒப்பீட்டு அழுத்தமும் ஊடகமும் வேறு என்பதால் 60-க்கும் சற்று அதிகமான டெசிபலைக் கழிக்க வேண்டும்.

கழித்தாலும் மிச்சம் பெரிதுதான். 2007-08-இல் மெக்சிகோ வளைகுடாவில் இந்த வரிசையையே சுட்டு, சுமார் 1,600 மீ. ஆழத்திலும், கண்டச் சரிவிலும், 50 மீ. ஆழத்திலும் அளந்தார்கள். ஆழமற்ற நீரில் ஒலி தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே மாறி மாறித் தெறித்து ஓடுவதால், ஆழ்கடலுக்குப் போட்ட பாதுகாப்புத் தொலைவை அங்கே அப்படியே பயன்படுத்த முடியாது.

2021 பணியில் திமிங்கிலம் உள்ளிட்டவை 500 மீட்டருக்குள் வந்தால் ஏர்கன்களை நிறுத்த வேண்டும் என்பது பொதுவிதி. சில இனங்களுக்கு 1,500 மீ. நின்ற பிறகு நேராக 36-க்குத் தாவ முடியாது. மிகச் சிறிய 40 கன அங்குல ஏர்கன்னில் தொடங்கி, கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கையை இரட்டித்து, ஒவ்வொரு கட்டமும் குறைந்தது ஐந்து நிமிடம், மொத்தம் குறைந்தது இருபது நிமிடம். அதற்குள் கப்பல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும், 4.5 நாட்டில் இருபது நிமிடம் என்றால் 2.8 கி.மீ. விட்ட இடத்தை நிரப்ப வளைந்து திரும்பி வர வேண்டும், பின்னால் 12 கி.மீ. வாலோடு.

சரங்களை ஏற்றும்போது அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாக வின்ச்சில் இழுத்து, டெக்கில் வந்ததும் நன்னீரில் கழுவுகிறார்கள். அப்போதே பதிவேட்டில் ஏறுவது: ஏர்கன்னின் வரிசை எண், சுட்ட மொத்த எண்ணிக்கை, மாற்றிய ஓ-ரிங், சோலனாய்டு, தேய்ந்த சங்கிலிக் கண்ணியின் தடிமன். ஆறு வாரப் பயணத்தில் நிற்காமல் சுட்டால் ஒரு ஏர்கன்னின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டும். அடுத்த பயணத்துக்கு எந்தப் பெட்டியில் எத்தனை ஓ-ரிங் வேண்டும் என்பதை அந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள்.